முதலாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம்: மூன்றைச் சுற்றிப் பார்த்த பிறகு

சின்னவனுக்கு வருகிற ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்துவிடும். முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்க அரசாங்கம் கேட்கிற வயது அதுதான். ஆகவே சில மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாமி ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்கிறார். கனடாவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் இன்னொரு பெயரைச் சொல்கிறார். முடி வெட்டப் போன இடத்தில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அந்த அண்ணையும் ஒரு பெயர் சொன்னார். யாரிடமும் காரணம் இல்லை. "அது நல்ல பள்ளிக்கூடம்." அவ்வளவுதான். எதனால் நல்லது என்று கேட்டால், "அஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப்பில எத்தினை பிள்ளையள் பாஸ் எண்டு பேப்பரில பார்க்கேல்லையோ?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

மூத்தவளைச் சேர்த்தபோது நாங்களும் பேப்பரைப் பார்த்துத்தான் சேர்த்தோம். நகரத்தில் பேர்போன ஒரு பாடசாலையின் ஆரம்பப் பிரிவு. இடம் கிடைத்த அன்று வீட்டில் பாயாசம். வகுப்பில் நாற்பத்துமூன்று பிள்ளைகள். தவணை அறிக்கைகள் எல்லாம் நன்றாகவே வந்தன.

இரண்டாம் தரத்தில் ஒரு பின்னேரம் தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்த நான், விளையாட்டாக, அந்தப் பக்கத்தில் இருந்த படத்தைக் கையால் மூடினேன். வாசிப்பு நின்றது. கையை எடுத்தேன், மறுபடி ஓடியது. அப்புறம் அதே பாடத்தில் வரும் 'மரம்' என்ற சொல்லை வேறொரு தாளில் எழுதிக் காட்டினேன். பிள்ளை தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக அவள் வாசிக்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுப் பாடமாக்கி ஒப்புவித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்தநாள் போய்ச் சொன்னேன். வகுப்பாசிரியை கோபிக்கவில்லை. "உங்கட பிள்ளை சத்தம் போடாத பிள்ளை, அதுதான் தெரியேல்லை" என்றார். நல்ல மனிசி. நாற்பத்துமூன்று பேரை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்? அதன்பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு இரவும், மனைவிதான் எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கப் பழக்கினார். அந்த வருடமும் அந்தப் பள்ளிக்கூட மதிலில், புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணின பிள்ளைகளின் முகங்களோடு பதாகை கம்பீரமாகத் தொங்கியது.

ஆகவே இந்தமுறை நான் ஒரே ஒரு கேள்வியோடுதான் போனேன்: என் பிள்ளைக்கு ஒன்று விளங்கவில்லை என்றால், இந்தப் பள்ளிக்கூடம் அதை எத்தனை நாளில் கண்டுபிடிக்கும்?

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியை ஒட்டின ஊர் எங்களுடையது. இங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவை மூன்று. ஒன்று, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஐந்தாம் தரம் வரை உள்ள ஊர்ப் பள்ளிக்கூடம். இரண்டு, இரண்டரைக் கிலோமீற்றரில் முதலாம் தரம் முதல் உயர்தரம் வரை உள்ள ஒரு கல்லூரி; இனி இதை நடுக் கல்லூரி என்கிறேன். மூன்று, மூத்தவள் படிக்கிற அந்த நகரத்துப் பாடசாலை, ஏழு கிலோமீற்றர். மூன்றும் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள். புத்தகமும் சீருடைத் துணியும் மூன்றிலும் இலவசம்.

முதலில் ஒரு சொல்லைத் துப்புரவாக்க வேண்டும். இலங்கையில் பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாம் இருந்தால் 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் இருந்தால் 1சி. பதினோராம் தரத்தோடு நின்றால் வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு நின்றால் வகை 3. அதாவது, எந்த வகுப்புவரை இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆனால் எங்கள் ஊரில் வகை 3 என்றால் ஆட்களின் காதில் 'மூன்றாந்தரம்' என்று விழுகிறது. மாமியும் அப்படித்தான் சொன்னார். தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்பதும் இதே மாதிரித்தான். முன்னதை மத்திய கல்வி அமைச்சு நேரடியாக நிர்வகிக்கிறது, பின்னதை வடமாகாணக் கல்வித் திணைக்களம். ஆறு வயதுப் பிள்ளைக்கு 'க' வரிசை சொல்லிக்கொடுக்கும் ரீச்சருக்கு இதனால் ஒன்றும் கூடிக் குறையாது.

சரி, பதாகைக்கு வருவோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியோடு வந்தது. கிராமத்தில் கெட்டித்தனமாகப் படிக்கும் ஏழைப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்கு அனுப்பிவைப்பது அதன் நோக்கம். இன்றைக்கும் அதற்கு இரண்டே வேலை: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம், ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலையில் இடம். ஆரம்பப் பாடசாலையை நிறுக்கிற தராசாக அதை மாற்றினது நாங்கள்தான்.

அந்தத் தராசிலேயே நிறுத்தாலும் ஒழுங்காக நிறுக்க வேண்டாமா? பதாகையில் நாற்பது முகங்கள் இருந்தால் நூற்றிருபது பேர் எழுதினார்களா, ஐம்பது பேர் எழுதினார்களா என்று கேட்க வேண்டும். நூற்றிருபதில் நாற்பதும் ஒன்றுதான், ஆறில் இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இரண்டு முகத்துக்குப் பதாகை அடித்தால் வீதியில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சின்னப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஐந்து பேர் எழுதுகிற இடத்தில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை அன்று காய்ச்சல் வந்தால் பெறுபேறு இருபது வீதம் விழுந்துவிடும். ஆகவே ஒரு வருடத்துக் கணக்கைப் பார்த்து அதைப் புகழவும் கூடாது, கழிக்கவும் கூடாது. நான்கைந்து வருடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்பதைவிட, 200இல் 70ஐயும் எட்டாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் எனக்கு வேண்டிய இலக்கம். ஐந்து வருடம் வந்து போன பிறகும் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அதற்குள்தான் இருப்பார்கள். என் மூத்தவளும் அங்கே போயிருக்கக் கூடியவள். இந்த இலக்கத்தை எந்த மதிலிலும் நான் பார்த்ததில்லை. கேட்டால் சொல்லலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபர் ஒரு பழைய கொப்பியைத் திறந்து வருட வாரியாகக் காட்டினார், வெட்கப்பட வேண்டிய வருடத்தையும் சேர்த்து. நடுக் கல்லூரியில் ஆரம்பப் பிரிவுப் பொறுப்பாசிரியர் மனக்கணக்காகச் சொன்னார். நகரத்தில், "அது வலயக் கல்விப் பணிமனையில கேட்க வேணும்" என்று முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. புலமைப்பரிசில் பெறுபேறு என்பது பள்ளிக்கூடம், ரியூசன், அம்மா மூவரும் கூட்டாகச் செய்த தோட்டம். விளைச்சலைப் பங்கு போடும்போது பள்ளிக்கூடத்துப் பதாகையில் ரியூசன் சென்ரரின் பெயர் இருக்காது. சென்ரரின் பதாகையில் அதே பிள்ளையின் அதே படம் இருக்கும். அம்மாவுக்குப் பதாகையே இல்லை.

இதனால் வரும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. பெரிய பள்ளிக்கூடங்களில் கெட்டிக்கார ரீச்சரை ஐந்தாம் தரத்துக்குப் போட்டுவிடுவார்கள். பெறுபேறு அங்கேதானே வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த ரீச்சரின் பெயரைச் சொல்வார்கள். முதலாம் தரத்துக்கு யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். எனக்கு முதலாம், இரண்டாம் தர ரீச்சர்மாரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவர்களா, கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலோ தேசிய கல்வியியற் கல்லூரியிலோ அதைப் படித்து வந்தவர்களா, இல்லை வேறு பாடத்துக்கு நியமனம் பெற்று இடம் நிரப்ப அனுப்பப்பட்டவர்களா? இங்கே எத்தனை வருடம்? இடமாற்றம் வருகிறதா? இதைக் கேட்பது ஒருவருக்கும் மரியாதைக் குறைவில்லை. பணிவாகக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு கொப்பி. ஒரு பள்ளிக்கூடத்தை அறிய எனக்குக் கட்டிடமும் வேண்டாம், ஸ்மார்ட் போர்டும் வேண்டாம். லண்டன், கனடா பழைய மாணவர்கள் அனுப்பிய போர்ட் ஒன்று பொலித்தீன் உறை கழற்றாமல் நிற்பதையும் பார்த்துவிட்டேன். மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் மூன்று பேரின் தமிழ்க் கொப்பி போதும். முதலாம் பிள்ளையின் கொப்பி வேண்டாம், அதை எல்லாரும் காட்டுவார்கள். நடுவில் நிற்கிற பிள்ளைகளின் கொப்பியைக் கேட்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையிலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு வானில் போகிற மூன்று பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து மூன்றிலும் முத்து முத்தாக இருந்தது. 'நான் வளர்க்கும் பிராணி' என்று தலைப்பு. "எங்கள் வீட்டில் ஒரு பசு உள்ளது. அதன் பெயர் இலட்சுமி. அது எமக்குப் பால் தரும்." மூன்று கொப்பியிலும் அதே இலட்சுமி. அதில் ஒரு பிள்ளை மேல்மாடி வாடகை வீட்டில் இருக்கிறது. அங்கே கோழி வளர்க்கவே இடமில்லை. கீழே சிவப்பு மையில் சரி அடையாளமும் 'மிக நன்று' முத்திரையும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சரே கொப்பிக் கட்டைத் தூக்கித் தந்தார். கையெழுத்து அங்கே அப்படி இப்படித்தான். ஒரு பையன் எழுதியிருந்தான்: "எங்கட வீட்டில் பசு இல்லை. பூணை இருக்கு. அது அம்மம்மாவின் மீனைத் தின்டது." ரீச்சர் 'பூணை'யைச் சுற்றி வட்டம் போட்டு மேலே 'பூனை' என்று எழுதியிருந்தார். 'தின்டது' திருத்தப்பட்டிருந்தது. 'எங்கட' அப்படியே விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ரீச்சரின் கையில் ஒரு கேள்வி: "பிறகு அம்மம்மா என்ன செய்தா?" அதன்கீழே பையனின் கையில் ஒரே சொல்: "பேசினா."

நான் அந்தக் கொப்பியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆனால் ஒரு கொப்பியோடு மயங்கிவிட முடியாது. அந்தப் பள்ளிக்கூடத்துக் குறைகளும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. மொத்தம் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் பற்றாக்குறையால் மூன்றாம், நான்காம் தரங்களை ஒரே அறையில் ஒருவர் பார்க்கிறார். பல்தர வகுப்பு என்று இதைச் சொல்வார்கள். பயிற்சி உள்ளவர் கையில் அது மோசமில்லை. ஒரு பக்கத்துக்கு வேலை கொடுத்துவிட்டு மறுபக்கத்துக்குப் படிப்பிப்பார், சின்னவர்கள் பெரியவர்களின் பாடத்தை ஒட்டுக் கேட்டே பாதி படித்துவிடுவார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் ஒரு பக்கம் படிக்கும், மறு பக்கம் யன்னலால் வேப்பமரத்தைப் பார்க்கும். ஆங்கில ரீச்சர் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வருகிறார். இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு ஆளே இல்லை. நூலகம் என்பது அதிபரின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. ஆனால் திறந்து கிடந்தது, புத்தகங்கள் கிழிந்திருந்தன. கிழிந்த புத்தகம் எனக்குச் சந்தோஷம். நகரத்தில் நூலகம் பெரிது, ஆரம்பப் பிள்ளைகளுக்கு முறை வருவது எப்போது என்று கேட்டதற்கு ஒருவரும் நேராகச் சொல்லவில்லை.

இன்னும் பெரிய பயம், பள்ளிக்கூடமே இருக்குமா என்பது. 1990க்குப் பிறகான இடப்பெயர்வுகள், 1995இல் குடாநாடே எழும்பி நடந்தது, பிறகு ஓயாமல் நடக்கும் வெளிநாட்டுப் பயணம், வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்: எல்லாம் சேர்ந்து எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்கள் பலவற்றை வற்றவைத்துவிட்டன. மூடியும் இணைத்தும் இருக்கிறார்கள். எனவே மொத்தத் தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல், இந்த வருடம் முதலாம் தரத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இங்கே ஒன்பது பேர். ஒன்பது என்றால் கிட்டி விளையாட ஆள் இருக்கிறது, ரீச்சரின் கண்ணுக்குத் தப்பவும் இடமில்லை. இரண்டு பேர்தான் என்று சொல்லியிருந்தால், எவ்வளவு நல்ல ரீச்சர் என்றாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறோம். தோட்டங்களில் போடும் உரத்தால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறுவது தெரிந்த விடயம். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையையும் நாங்கள் மறக்கவில்லை. ஆகவே பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிக்கும், வடிகட்டி இருந்தால் அதைக் கடைசியாக எப்போது துப்புரவாக்கினார்கள் என்று கேட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வடிகட்டி இருந்தது, துப்புரவாக்கிய திகதியைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நடுக் கல்லூரியில் வடிகட்டி உயர்தரக் கட்டிடத்தில். சின்னதுகள் அவ்வளவு தூரம் போகாது, வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவருகிறார்கள். மலசலகூடத்தையும் போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் நல்லதாக ஒன்று கட்டிப் பூட்டியிருந்தார்கள், திறப்பு அலுவலகத்தில். ஆறு வயதுப் பிள்ளை அலுவலகத்தில் போய்த் திறப்புக் கேட்குமா? அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும். மூத்தவள் மூன்று வருடம் அப்படித்தான் வந்தாள் என்று பிற்பாடுதான் சொன்னாள்.

அப்புறம் தூரம். வான் காலை ஆறரைக்கு ஒழுங்கை முகப்பில் நிற்கும். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை மற்றவர்களைவிட முந்தி முடிந்துவிடும். ஆனால் வான் பெரிய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் திரும்பும். அதுவரை சின்னவர்கள் மரத்தடியில் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு வான் நிறையப் பிள்ளைகள் எப்படி வந்து இறங்குவார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு நித்திரை. எழும்பினால் வீட்டுவேலை. அந்த வயதில் மண்ணில் விளையாடும் நேரம் முழுக்க வீதியில் போய்விடுகிறது.

இவ்வளவும் பார்த்தாலும் விரும்பின இடத்தில் சேர்த்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வருட நடுப்பகுதியில் அமைச்சின் சுற்றறிக்கை வரும். இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு. மீதி கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று 5, 4, 1. வசிப்பிடப் பிரிவில் வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்சாரப் பட்டியல் என்று அத்தாட்சிகளுக்குப் புள்ளி. உங்கள் வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் அதைவிடக் கிட்டவாக வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். ஏழு கிலோமீற்றருக்குள் எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு அந்தப் பிரிவில் ஒன்றுமே மிஞ்சாது. மூத்தவள் போனது என் மனைவி அங்கே பழைய மாணவி என்பதால்தான்.

இதற்காகவே சிலர் உறவினர் வீட்டு விலாசத்தில் பதிகிறார்கள். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் அனுமதி இரத்தாகும், பிள்ளைதான் நடுவில் நிற்கும். அனுமதிக்குக் காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அதை எடுத்துச் சொல்லத் துணிவு வருவது வேறு விடயம், இலக்கம் என்னவோ இருக்கிறது.

நடுக் கல்லூரியை இதுவரை கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டேன். உண்மையில் பலருக்கு அதுதான் பொருந்தும். வகுப்புக்கு இருபத்தைந்து பேர் அளவில். ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் ஆள் இருக்கிறது. ஆறாம் தரத்துக்கு எங்கே என்று அலையத் தேவையில்லை, அதே வளவுக்குள் கட்டிடம் மாறினால் போதும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிற வீட்டில், இதைவிட நல்ல தெரிவு கிடைக்காது. எனக்கு உறுத்தினது ஒன்றுதான். அதிபரின் கண் முழுக்கச் சாதாரணதரத்திலும் உயர்தரத்திலும். ஆரம்பப் பிரிவு வளவின் பின்பக்கம், கிணற்றடியோடு, மாற்றாந்தாய்ப் பிள்ளை மாதிரி. நான் போன அன்று இரண்டாம் தர ரீச்சர் வரவில்லை. பிள்ளைகளை மற்ற வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பாமல், உயர்தர மாணவி ஒருத்தியைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். ஒரு நாள்தானே என்று விடலாம். எத்தனை நாளுக்கு ஒரு நாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பொறுப்பாசிரியர் உண்மையைச் சொன்னார்: "கிழமையில ஒருக்கா வருந்தான்." அவருடைய நேர்மைக்காகவே அந்தப் பள்ளிக்கூடத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

தனியார் பக்கம் நீண்ட நேரம் நிற்கவில்லை. மிஷனரிமார் தொடங்கிய பள்ளிகளில் பரி. யோவான் கல்லூரி 1823, சம்பத்திரிசியார் கல்லூரி 1850 என்று ஆளுக்கொரு பெருமை உண்டு. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது வெளியே நின்றவை அவை. நல்ல ஒழுங்கு, கட்டணம் உண்டு, தூரம் எங்களுக்கு அதே ஏழு கிலோமீற்றர். சர்வதேசப் பாடசாலையை மனைவி விரும்பவில்லை. தமிழை வாசிக்கத் தடுமாறின ஒரு பிள்ளையை ஆறு மாதம் மடியில் வைத்து எடுத்தவருக்கு, இன்னொரு பிள்ளையை முதலிலேயே ஆங்கிலத்தில் விட மனம் வரவில்லை.

எழுதலாமா விடலாமா என்று யோசித்த ஒரு விடயத்தையும் எழுதிவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடம் என்று வாய் திறந்ததும் சொந்தக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அங்கை இப்ப ஆற்றை பிள்ளையள் படிக்கினம் எண்டு தெரியுமோ?" அவர் எதைக் கேட்கிறார் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்று இதே குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களில் 1920களின் கடைசியில் சண்டை நடந்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தக் கூடாது என்று நின்றவர்கள் அன்றைக்குத் தோற்றார்கள். இன்றைக்கு வாங்கைப் பிரிக்கத் தேவையில்லை, வான் பிடித்தால் போதும். பல பேர் 'தரம்' என்று சொல்லும்போது அதற்குள் இதுவும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் அந்தச் சொந்தக்காரருக்கு, "ஓம், தெரியும். எங்கட ஊர்ப் பிள்ளையள்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறாம் தரத்தில் என்ன செய்வது என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்தாம் தரத்தோடு நிற்கும் பள்ளிக்கூடத்தின் பலவீனம் அதுதான். புலமைப்பரிசிலில் புள்ளி வந்தால் பெரிய இடத்துக்குக் கேட்கலாம்; வராவிட்டால் அதே நடுக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள். பதினொரு வயதில் இரண்டரைக் கிலோமீற்றரைச் சைக்கிளில் ஓடிவிடுவான். ஆங்கிலத்தை மனைவி பார்த்துக்கொள்வார். சிங்களத்துக்கு ஆள் போடச் சொல்லி வலயக் கல்விப் பணிமனைக்குப் பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்து ஒரே பின்னேரத்தில் சேர்ந்துவிட்டது. நகரத்தில் அதற்கு ஒரு சங்கமும் மூன்று கூட்டமும் வேண்டும்.

ஒரு நிபந்தனையோடுதான் முடிவெடுத்தோம். இப்போதைய முதலாம் தர ரீச்சருக்கு இடமாற்றம் வந்துவிட்டால் நடுக் கல்லூரி. இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டோம், நகரத்துக்குப் போடவில்லை. சகோதரர் ஒதுக்கீடும் பழைய மாணவர் ஒதுக்கீடும் இருக்க அதை விட்டது மச்சானுக்கு இன்னும் செரிக்கவில்லை.

நேர்முகத்துக்குப் போன அன்று அதிபர் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். சின்னவனை ஒரு குட்டி மேசையில் இருத்தி, ரீச்சர் தாளும் பென்சிலும் கொடுத்தார். என்ன கீறச் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் இடக்கையால் கீறத் தொடங்கினான். வீட்டில் மாமி இரண்டு வருடமாக அந்தக் கையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பென்சிலை வலக்கைக்கு மாற்றினான். ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. எழும்பி வந்து, பக்கத்தில் இருந்த பிள்ளையோடு முழங்கை இடிபடாதபடி அவனுடைய கதிரையை மேசையின் இடது ஓரத்துக்கு நகர்த்தினார். பென்சிலை எடுத்துத் திரும்ப இடக்கையில் கொடுத்தார்.